டேப் பெட்டியின் மேல் எழுதியது

1961 நவம்பர். அமெரிக்காவில், கென்டக்கி எல்லையோரம் இருந்த ஃபோர்ட் கேம்பல் ராணுவ முகாமில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டடத்தின் வாசலில் ஒதுங்கி நின்ற சிப்பாய் ஒருவருக்கு உள்ளேயிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. வாசித்தவருக்கு இன்னும் கை சரியாகப் படியவில்லை. ஆனால் அதுவரை எந்த ரேடியோவிலும் கேட்டிராத ஏதோ ஒன்று அந்த வாசிப்பில் இருந்தது. சிப்பாய் கதவைத் திறந்து உள்ளே போனார். முகாமில் இருந்த பாஸ் கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கூடவே வாசிக்க உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் பில்லி காக்ஸ். எதிரே உட்கார்ந்திருந்த பாராசூட் வீரரின் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அந்த மழைக்கு ஒதுங்கியதன் விளைவு முப்பத்து நான்கு வருஷம் கழித்துத்தான் முழுசாக வெளியே வரவிருந்தது.

மறுவருஷம் ராணுவத்தை விட்டு வந்த இருவரும் நாஷ்வில் நகரில் குழு அமைத்து வாசித்தார்கள். அங்கே ஹாஸ் ஆலன் என்ற ரேடியோ அறிவிப்பாளர் ஒரு ஒலிப்பதிவுக்கு இவர்களைக் கூப்பிட்டார். ஹெண்ட்ரிக்ஸ் ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாட்டு தொடங்கியது, அவருடைய கிட்டார் யாருக்கும் அடங்காமல் அலறியது. மற்றவர்கள் வாசிப்பது எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலன், அந்த ஒரு கிட்டார் மட்டும் டேப்பில் ஏறாதபடி நிறுத்திவிட்டார். ஹெண்ட்ரிக்ஸ் வாசித்துக்கொண்டே இருந்தார். ஒரு துளியும் பதிவாகவில்லை.

அடுத்த மூன்று வருஷமும் அவர் பக்கவாத்தியக்காரர். ஐஸ்லி பிரதர்ஸ், டான் கோவே, லிட்டில் ரிச்சர்ட் என்று பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அந்தக் காலத்துச் சின்ன இசைத்தட்டில் பாடகர் பெயர் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். கிட்டார் வாசித்தவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. யார் வாசித்தார், எந்த நாளில் வாசித்தார், எந்த ஊரில் வாசித்தார் என்பதெல்லாம் வாசித்தவரின் நினைவில் மட்டும் தங்கியது. அவரோ அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். அப்படி அலைந்த நாளில்தான் ஒரு காகிதம் அவர் முன்னால் நீட்டப்பட்டது.

1965 அக்டோபர் 15. நியூயார்க்கில் எட் சால்பின் என்ற தயாரிப்பாளரிடம் ஹெண்ட்ரிக்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்கு அவருக்கு மட்டுமே வாசிக்க வேண்டும். முன்பணம் ஒரு டாலர். விற்பனையில் பங்கு ஒரு சதவீதம். கர்ட்டிஸ் நைட் என்ற பாடகரின் குழுவோடு சால்பினின் ஸ்டூடியோவில் பல பாட்டுகளுக்கு வாசித்தார். பிறகு ஒப்பந்தத்தையும் மறந்தார், சால்பினையும் மறந்தார். சால்பின் மறக்கவில்லை.

1966 கோடையில், கிரீனிச் வில்லேஜில் ‘கஃபே வா’ என்ற சின்ன கிளப்பில் ஹெண்ட்ரிக்ஸ் வாசிப்பதை ‘அனிமல்ஸ்’ குழுவின் பாஸ் கிட்டார்க்காரர் சாஸ் சாண்ட்லர் கேட்டார். மேடையை விட்டுவிட்டுத் தயாரிப்பாளர் ஆகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அவருக்கு. ஹெண்ட்ரிக்ஸ் போட்டிருந்த பழைய ஒப்பந்தங்களைத் தேடிப்பிடித்துப் பணம் கொடுத்து விடுவித்தார். செப்டம்பர் 24-இல் ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறங்கினார். டிரம்ஸுக்கு மிட்ச் மிட்செல், பாஸ் கிட்டாருக்கு நோயல் ரெடிங் சேர்ந்தார்கள். அக்டோபர் 23-ஆம் தேதி டி லேன் லீ ஸ்டூடியோவில் முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள். சாண்ட்லர் விடுவித்த ஒப்பந்தங்களின் அடுக்கில் ஒன்று குறைந்தது. அந்த ஒரு டாலர் காகிதத்தைப் பற்றி ஹெண்ட்ரிக்ஸ் அவரிடம் சொல்லவே இல்லை.

அப்போதைய லண்டன் ஸ்டூடியோக்களில் டேப்புக்கு நான்கு டிராக், அதாவது நான்கு தனித்தனி ஒலித்தடம்தான். டிரம்ஸ், பாஸ், கிட்டார் என்று நான்கும் நிரம்பியதும், எல்லாவற்றையும் கலந்து இன்னொரு டேப்புக்கு மாற்றுவார்கள். அங்கே காலியாகக் கிடைக்கும் டிராக்குகளில் பாட்டையும் கூடுதல் கிட்டாரையும் ஏற்றுவார்கள். ஒரு தடவை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஆகவே ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று டேப்புகள் பிறக்கும். எது முதல், எது கடைசி, எது தள்ளியது, எது தேறியது என்பதைச் சொல்ல ஒரே சாட்சி, டேப் சுருள் வைத்த அட்டைப்பெட்டியின் மேல் ஒலிப்பதிவாளர் பேனாவால் கிறுக்கிய வரிகள். தேதி, பாட்டின் பெயர், எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது தடவை வாசித்தது. 1967 தொடக்கத்தில் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் அப்படி எழுதியவர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த எடி கிராமர் என்ற இளைஞர். பெட்டிகளோடு அவருக்கு ஏற்பட்ட அந்தப் பழக்கம் ஆயுள் முழுக்க விடவில்லை.

அதே வருஷக் கடைசியில், இரண்டாவது எல்.பி. (பெரிய இசைத்தட்டு) தயாராகி அனுப்ப வேண்டிய நேரத்தில், கேட்டவர்களின் வயிற்றைக் கலக்கிய ஒரு காரியம் நடந்தது. முதல் பக்கத்தின் மாஸ்டர் டேப்பைக் கையோடு எடுத்துப் போன ஹெண்ட்ரிக்ஸ், அதை லண்டன் டாக்ஸி ஒன்றின் பின்சீட்டில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். டாக்ஸியும் கிடைக்கவில்லை, டேப்பும் கிடைக்கவில்லை. ஹெண்ட்ரிக்ஸ், சாண்ட்லர், கிராமர் மூவரும் ஒரே ராத்திரியில் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி மிக்ஸிங் செய்தார்கள். ஒரு பாட்டு மட்டும் எத்தனை முயன்றும் பழையபடி அமையவில்லை. அதன் நகல் ரெடிங்கிடம் இருந்தது. ஆனால் டேப் கசங்கிப் போயிருந்தது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சரிசெய்து அதையே எல்.பி.யில் சேர்த்தார்கள். ‘ஆக்சிஸ்: போல்ட் அஸ் லவ்’ டிசம்பர் 1-ஆம் தேதி கடைக்கு வந்துவிட்டது. கடைகளில் அதே மாதம் ஹெண்ட்ரிக்ஸின் பெயர் போட்ட இன்னொரு எல்.பி.யும் தலைகாட்டியது.

அதை வெளியிட ஏற்பாடு செய்தவர் சால்பின். நைட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசித்த பழைய டேப்புகளை ஹெண்ட்ரிக்ஸின் புது எல்.பி. போல அட்டை போட்டு அமெரிக்காவில் விற்றார்கள். வழக்கும் தொடர்ந்தார் சால்பின். இதில் நெஞ்சைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. அந்த வருஷக் கோடையில், வழக்கு தலைக்கு மேல் தொங்கிய நேரத்திலேயே, பழைய நட்புக்காக ஹெண்ட்ரிக்ஸ் அதே ஸ்டூடியோவுக்குப் போய் நைட்டோடு மறுபடி வாசித்திருக்கிறார். தன் பெயரைப் போடக் கூடாது என்று அங்கே அவர் சொன்னதும் டேப்பில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகளும் வெளியே வந்தன, அவர் பெயரோடுதான். எது 1965-இல் வாசித்தது, எது 1967-இல் வாசித்தது என்று கடையில் நின்றவருக்குத் தெரிய வழியில்லை. குழப்பம் அங்கே வேர்விட்டது; மறுவருஷம் அது காடாக வளர்ந்தது.

1968-இல் நியூயார்க்கின் ரெக்கார்டு பிளான்ட் ஸ்டூடியோவில் பன்னிரண்டு டிராக் கிடைத்தது. கை நிறைய இடம் கிடைத்ததும் ஹெண்ட்ரிக்ஸுக்கு நேரம் போனதே தெரியவில்லை. ‘ஜிப்ஸி ஐஸ்’ என்ற ஒரே பாட்டுக்கு ஐம்பது டேக்குக்கு மேல் போனது. வேலையைச் சட்டென்று முடித்துப் பழகிய சாண்ட்லர் பொறுத்துப் பார்த்தார், பிறகு விலகிக்கொண்டார். கணக்குக் கேட்க ஆள் இல்லாத ஸ்டூடியோவில் ராத்திரிகள் நீண்டன. மே 2-ஆம் தேதி, கிளப்பில் வாசித்து முடித்த கையோடு ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வந்தார். ஆர்கனில் ஸ்டீவ் வின்வுட், பாஸ் கிட்டாரில் ஜாக் காசடி உட்கார, பதினைந்து நிமிஷம் நீளும் ‘வூடூ சைல்’ பதிவானது. மறுநாள் ஒரு தொலைக்காட்சிக் குழு படம் பிடிக்க வந்தது. கேமராவுக்காக வாசித்ததில் அதே கருவிலிருந்து இன்னொரு பாட்டு பிறந்தது: ‘வூடூ சைல்ட்’. இரண்டு பாட்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 1970-இல் பிரிட்டனில் இரண்டாவது பாட்டு தனி இசைத்தட்டாக வந்து முதலிடம் பிடித்தது. அட்டையில் அச்சாகியிருந்ததோ முதல் பாட்டின் பெயர்.

இப்படி ஒன்றல்ல. கிளப்பில் சந்தித்தவர்களை அழைத்து வந்து விடிய விடிய வாசித்த டேப்புகளுக்கு அளவே இல்லை. பாதிக்குப் பெயர் இல்லை. இருந்தவற்றுக்கு அன்றைக்கு வாயில் வந்த பெயர். ஒரே மெட்டு ஜனவரியில் ஒரு பெயர், ஜூனில் இன்னொரு பெயர். ரெடிங் விலகிய அதே 1969-இல் பழைய ராணுவ நண்பர் காக்ஸை ஹெண்ட்ரிக்ஸ் தேடிக் கூப்பிட்டுக்கொண்டார். சால்பினோடு சமரசம் பேசியபோது ஒரு முழு எல்.பி.யையே தண்டமாகக் கொடுக்க வேண்டி வந்தது. காக்ஸும் டிரம்ஸ்காரர் பட்டி மைல்ஸும் கூட வாசிக்க, புத்தாண்டு நாளில் மேடையில் பதிவானதைத் தொகுத்துக் கொடுத்தார். ஒரு டாலர் காகிதத்துக்கு அது வட்டி. ஸ்டூடியோ வாடகையோ மலைபோல ஏறிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒன்று கட்டிவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

நியூயார்க்கில் எட்டாவது தெருவில், கிளப்பாக இருந்த இடத்தை வாங்கி வேலையைத் தொடங்கினார்கள். தோண்டியபோது பூமிக்கு அடியில் நீரோட்டம். பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே கட்டினார்கள். பணம் தீரும், வேலை நிற்கும், மறுபடி தொடங்கும். கட்டடக் கலைஞர் ஜான் ஸ்டோரிக்குக்கும் கிராமருக்கும் ஒரு வருஷத்துக்கு மேல் அதுவே உலகம். ‘எலக்ட்ரிக் லேடி’ ஸ்டூடியோ 1970 ஆகஸ்ட் 26-இல் முறைப்படி திறந்தது. தன் டேப்புகளையெல்லாம் தன் கூரையின் கீழ் ஒழுங்குபடுத்தி ஓர் இரட்டை எல்.பி. கொண்டுவரும் ஆசையோடு இருந்த ஹெண்ட்ரிக்ஸ், ஐரோப்பியக் கச்சேரிகளுக்காக விமானம் ஏறினார்.

இருபத்து மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 18-இல், லண்டனில் இறந்துபோனார். வயது 27. உயில் எழுதவில்லை. உயிரோடு இருந்தபோது வெளியான ஸ்டூடியோ எல்.பி. மூன்றே மூன்று. வெளிவராத டேப்புகளோ அலமாரி அலமாரியாக.

கிராமரும் மிட்செலும் உட்கார்ந்து, அவர் முடித்து வைத்திருந்ததில் சிறந்ததை எடுத்து 1971-இல் ‘தி க்ரை ஆஃப் லவ்’ கொண்டுவந்தார்கள். கண்ணீரோடு செய்த அந்த வேலை சுத்தமான வேலை. அதன் பிறகு வந்த எல்.பி.க்களில் சரக்கு குறைந்துகொண்டே போனது. 1973 மார்ச்சில் ஹெண்ட்ரிக்ஸின் மேனேஜர் மைக் ஜெஃப்ரி பயணம் செய்த விமானம் பிரான்சின் நான்ட் நகருக்கு மேலே இன்னொரு விமானத்தோடு மோதியது, அவர் இறந்தார். எந்த டேப் எங்கே என்பதில் அவருக்கு மட்டும் தெரிந்த விவரங்களும் அவரோடு போயின. டேப்புகள் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளரின் கைக்கு மாறின. அவர் செய்த காரியத்தைக் கேட்டு ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

1975-இல் வந்த ‘கிராஷ் லேண்டிங்’ எல்.பி.யில் ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாரையும் குரலையும் வைத்துக்கொண்டு, கூட வாசித்த காக்ஸ், மிட்செல், மைல்ஸ் ஆகியோரின் வாசிப்பைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, கூலிக்கு அமர்த்திய கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார் டக்ளஸ். சில பாட்டுகளுக்குத் தன் பெயரையும் ஆசிரியராகப் போட்டுக்கொண்டார். எல்.பி. அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: விட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் இன்னும் பல வருஷம் இருட்டிலேயே கிடந்திருக்கும். ஆனால் மழையில் ஒதுங்கி நின்று நண்பனைக் கண்டெடுத்த காக்ஸின் வாசிப்பை அந்த நண்பனுக்குப் பக்கத்திலிருந்தே நீக்கியது எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது. கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி முள்ளாகக் குத்தியது. இதில் நிஜமாக ஹெண்ட்ரிக்ஸ் எவ்வளவு?

பதில் சொல்லக் கடைக்காரரால் முடியவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. ரசிகர்களே நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். நெதர்லாந்துக்காரரான சீசர் க்லெபீக், பிரிட்டனில் டோனி பிரவுன் போன்றவர்கள் கச்சேரித் தேதிகளையும் இசைத்தட்டு எண்களையும் திருட்டுப் பதிவுகளையும் வருஷக்கணக்காகத் திரட்டினார்கள். 1990-இல் ஹாரி ஷபைரோவும் க்லெபீக்கும் சேர்ந்து ‘எலக்ட்ரிக் ஜிப்ஸி’ என்ற தடிமனான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் இசைத்தட்டுப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியது. அடுத்த சில வருஷங்களில் பிரவுனுக்கு இன்னொரு அதிர்ச்சி. தனியாக உட்கார்ந்து கிட்டாரோடு பாடி ஹெண்ட்ரிக்ஸ் பதிவு செய்த காசெட்டுகள் மிட்செலின் வீட்டில், ஒரு தலைப்பட்டியால் கட்டிய நிலையில், இருபது வருஷமாக உறங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரரே மறந்துபோன புதையல் அது. ஆனாலும் ரசிகர்களின் பட்டியல் ஒரு சுவரில் முட்டி நின்றது. வெளியே வந்ததை எண்ண அவர்களால் முடிந்தது. ஸ்டூடியோவுக்குள் நடந்ததை, அங்கே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அங்கே இருந்தவர் வாய் திறந்தார். ஜான் மெக்டெர்மாட் என்ற அமெரிக்க எழுத்தாளரோடு சேர்ந்து 1992-இல் எடி கிராமர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஹெண்ட்ரிக்ஸைப் பற்றிப் பரவியிருந்த பொய்களைக் களைவதுதான் அதன் நோக்கம். அதை எழுதி முடித்தபோது தீர்ந்துபோகாத வேலை ஒன்று மிச்சம் இருந்தது: பெட்டிகள். கிராமருக்கு லண்டனும் எலக்ட்ரிக் லேடியும் அத்துப்படி. கிட்டார்க்காரரின் தொடக்கமும் கடைசி இரண்டு வருஷங்களும் யாருக்குத் தெரியும்? டக்ளஸ் நீக்கிய அதே பில்லி காக்ஸுக்கு. மூன்றாவது ஆளாக அவர் வந்து சேர்ந்தார்.

1995-இல் அந்தப் புத்தகம் வெளியானது. பெயர் ‘ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்: செஷன்ஸ்’. 1963 முதல் 1970 வரை அவர் ஸ்டூடியோவுக்குள் போன நாட்களைத் தேதி வரிசையில் அடுக்கியிருந்தார்கள். எந்த ஸ்டூடியோ, யார் ஒலிப்பதிவாளர், யாரெல்லாம் கூட வாசித்தார்கள், எத்தனை டேக், எது அறுந்தது, எதை வைத்துக்கொண்டார்கள், அந்த டேக் பிறகு எந்த எல்.பி.யில் எந்தக் கோலத்தில் வந்தது. ஐம்பது டேக் போன பாட்டும் அதில் இருந்தது, மே 2-உம் மே 3-உம் தனித்தனியாக இருந்தன. கதாநாயகனைத் தூக்கி வைக்கும் வரிகள் அதில் குறைவு. ஆனால் ஒரு பாட்டு எப்படி ஒவ்வொரு ராத்திரியாக வளர்ந்தது என்பதை அந்த வறண்ட தேதிகள் காட்டும் அளவுக்கு எந்த வாழ்க்கை வரலாறும் காட்டியதில்லை. சோம்பேறி, கவனமில்லாதவர் என்றெல்லாம் பேசப்பட்ட மனிதர் எத்தனை கடும் உழைப்பாளி என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே தெரிந்தது.

அதே வருஷம் இன்னொரு திருப்பமும் வந்தது. மகனின் இசை உரிமைகளை மீட்க 1993-இல் வழக்குப் போட்டிருந்தார் தந்தை அல் ஹெண்ட்ரிக்ஸ். செலவுக்குக் கைகொடுத்தவர் சியாட்டில்காரரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவருமான பால் ஆலன். 1995-இல் சமரசம் ஏற்பட்டு உரிமைகள் குடும்பத்துக்குத் திரும்பின. டக்ளஸின் காலம் முடிந்தது. டேப்புகளைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தார் தேடி அழைத்தது யாரை? கிராமரையும் மெக்டெர்மாட்டையும். பெட்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களின் கையில் பெட்டிகளின் சாவியே வந்தது.

1997 முதல் புதிதாகவும் மறுபடியும் வெளியான ஹெண்ட்ரிக்ஸ் தொகுப்புகளோடு வரும் சிறு கையேட்டில் பாட்டுக்குப் பாட்டு தேதி, ஸ்டூடியோ, வாசித்தவர்களின் பெயர் என்று விவரம் வரத் தொடங்கியது. இன்று அது சாதாரண விஷயம். 2010-இல் வந்த ‘வேலீஸ் ஆஃப் நெப்டியூன்’ தொகுப்பில் சில பாட்டுகளில் மிட்செலும் ரெடிங்கும் 1987-இல் சாண்ட்லருக்காக மறுபடி வாசித்துச் சேர்த்த பகுதிகள் உண்டு. அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். சால்பினின் டேப்புகளைக்கூடக் குடும்பத்தின் நிறுவனமே வாங்கியது. 2015-இல் அவை ஒழுங்காக வெளிவந்தபோது, தன் பெயரைப் போடக் கூடாது என்று அன்று ஹெண்ட்ரிக்ஸ் சொன்னதையே தலைப்பாக வைத்தார்கள்.

புத்தகமும் நிற்கவில்லை. கச்சேரிகளையும் சேர்த்து, படங்களோடு, ‘அல்டிமேட் ஹெண்ட்ரிக்ஸ்’ என்ற பெயரில் 2009-இல் பெரிதாக மறுபிறவி எடுத்தது. அட்டையில் அதே மூன்று பெயர்கள்: மெக்டெர்மாட், காக்ஸ், கிராமர். ரெடிங் 2003-இலும், பட்டி மைல்ஸும் மிட்செலும் 2008-இலும் இறந்துவிட்டார்கள். ஹெண்ட்ரிக்ஸின் மூவர் குழுக்களில் வாசித்தவர்களில், அந்தப் புத்தகம் அச்சாகி வந்த நாளில் உயிரோடு இருந்தவர் பில்லி காக்ஸ் ஒருவர்தான்.